சின்ன ஆர்க்கிடெக்ட் ஆபீஸ், ஆஸ்பத்திரி வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் ஐந்து பேர் வேலை பார்க்கும் சிறிய ஆர்க்கிடெக்ட் அலுவலகம் எங்களுடையது. கிளினிக், நர்சிங் ஹோம், ஐம்பது கட்டிலுக்கு உட்பட்ட மருத்துவமனை, இவற்றை மட்டும்தான் எடுக்கிறோம். இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகளும் கட்டத் தயாராகும் டாக்டர்களும் போனில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எளிதானதில் தொடங்கி அடுக்கியிருக்கிறேன். சட்டம், அனுமதி எல்லாம் தமிழ்நாட்டு நிலவரப்படி.

"இன்ஜினியரே பிளான் போட்டுக் கொடுக்கிறாரே, ஆஸ்பத்திரிக்குன்னு தனியா ஆர்க்கிடெக்ட் எதுக்கு மேடம்?"

சட்டப்படி தடை இல்லை. 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டத்தைத்தான் காக்கிறது, பிளான் போடும் வேலையை அல்ல. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் தீர்ப்பளித்தது. எனவே என்னிடம் வராவிட்டால் தப்பு என்று எந்த டாக்டரிடமும் நான் சொல்வதில்லை.

காரணம் வேறு. அறைகளை யாரும் வரைந்துவிடலாம். நடுவில் ஒரு நடை, இரண்டு பக்கமும் அட்டாச்டு பாத்ரூமோடு அறைகள் என்று போட்டால் லாட்ஜ் வந்துவிடும். அழுக்குத் துணி எந்த வழியாக இறங்குகிறது, ஆக்சிஜன் சிலிண்டர் லாரி எங்கே நிற்கிறது, இரவு இரண்டு மணிக்கு இறந்துபோன ஒருவரை மற்ற நோயாளிகள் பார்க்காமல் எப்படி வெளியே கொண்டுபோவது, இதையெல்லாம் யோசித்து வழி விட்டால்தான் அது மருத்துவமனை. நல்ல இன்ஜினியர் இதை யோசித்திருந்தால் தாராளமாக அவரிடமே கொடுங்கள்.

"ஹாஸ்பிட்டல் டிசைனுக்கு எம்.ஆர்க். படிச்சே ஆகணுமாக்கா?"

எம்.ஆர்க்., அதாவது ஆர்க்கிடெக்சரில் முதுகலை, படித்தால் நல்லது, கட்டாயமில்லை. அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். தெரிந்த மருத்துவமனையில் அனுமதி வாங்கி, இரவு எட்டு மணியிலிருந்து காலை ஆறு வரை நர்ஸ் ஸ்டேஷன் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். தானாகச் சாத்திக்கொள்ள வேண்டிய தீத்தடுப்புக் கதவைத் திறந்தே வைக்க வார்டு பாய் ஏன் கல்லை முட்டுக் கொடுக்கிறார் என்று பாருங்கள். ஒரு நர்ஸ் ஒரு ஊசி போட எத்தனை தரம் நடக்கிறார் என்று பாருங்கள்.

2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பு மருத்துவமனை நடைக்கு 2.4 மீட்டர் அகலம் கேட்கிறது. நாமும் போட்டுவிடுவோம். இரவு பத்து மணிக்கு மேல் அந்த நடையில் பாய் விரித்து ஆட்கள் படுத்திருப்பார்கள், ஸ்ட்ரெச்சருக்கு மிஞ்சுவது ஒரு மீட்டர். நம் ஊரில் நோயாளி தனியாக வருவதில்லை. கூட ஒருவர் தங்குவார், பகலில் நாலு பேர் பார்க்க வருவார்கள். அவர்களுக்குப் படுக்க இடம், வெந்நீர் பிடிக்க ஒரு குழாய், போன் சார்ஜ் போட பிளக், துவைத்த துணி காயப்போட மொட்டை மாடியில் கொடி எல்லாம் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் நடைதான் அவர்களுக்கு வீடு. இதை எந்தப் பாடத்திட்டத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு ஹெட் நர்ஸ்தான் சொன்னார்.

"ஆபீஸ் ஆரம்பிக்க எத்தனை பேர் வேணும்?"

நீங்கள், வரைவதற்கு ஒருவர், சைட்டுக்கு ஒருவர். இது போதும். சம்பளப் பட்டியலில் ஆள் சேர்ப்பதைவிட வெளியே நம்பகமான நிபுணர்கள் இருப்பது முக்கியம்: ஸ்ட்ரக்சுரல், எலெக்ட்ரிக்கல், ஏசி, பிளம்பிங், மெடிக்கல் கேஸ் (ஆக்சிஜன் போன்ற வாயுக் குழாய்கள்). இவர்களில் ஏசி நிபுணர் மட்டும் மருத்துவமனை அனுபவம் உள்ளவராக இருந்தே ஆக வேண்டும். ஏன் என்பது ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) கேள்வியில் வருகிறது.

"முதல் வேலை எப்படிக் கிடைக்கும்? இன்ஸ்டால விளம்பரம் போடலாமா?"

ஆர்க்கிடெக்ட்களைப் பதிவு செய்யும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் 1989 நடத்தை விதிகள் தொழிலை விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றன. கட்டி முடித்த வேலையைப் பற்றி எழுதுவது வேறு, 'குறைந்த கட்டணம், உடனே அழையுங்கள்' என்று போடுவது வேறு. இரண்டாவது வேண்டாம்.

ஒரு டாக்டர் சொல்லித்தான் இன்னொரு டாக்டர் வருவார். முதல் வேலை பெரும்பாலும் பல் கிளினிக்காகவோ, ஸ்கேன் சென்டராகவோ, ஒரு நர்சிங் ஹோமின் கழிப்பறைகளைச் சரிசெய்வதாகவோ இருக்கும். சின்னதென்று விடாதீர்கள். தில்லை நகரிலோ ஈரோடு பெருந்துறை சாலையிலோ ஒரு டாக்டர் திருப்தியாக இருந்தால் அந்தத் தெருவுக்கே தெரிந்துவிடும். அதிருப்தியாக இருந்தாலும் அப்படித்தான்.

"ஃபீஸ் சதுர அடிக்குப் பேசணுமா, சதவீதமா? ஜி.எஸ்.டி. வேற கட்டணுமான்னு டாக்டர் முறைக்கிறார்."

சதவீதம் என்றால், கிரானைட் போடச் சொல்லும்போதெல்லாம் நம் கட்டணத்துக்காகச் சொல்கிறோமோ என்று டாக்டருக்குச் சந்தேகம் வரும். சதுர அடி என்றால், ஓ.டி.க்கும் கார் நிறுத்தத்துக்கும் ஒரே விலை. நான் மொத்தமாக ஒரு தொகை பேசி, கட்டில் எண்ணிக்கையையும் துறைகளையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுகிறேன். முப்பது கட்டில் நாற்பத்தைந்தானால் மறுபடி பேசுவோம் என்றும் அதிலேயே இருக்கும். நிபுணர்களின் கட்டணம் இதில் அடக்கமா, தனியா என்பதையும் எழுதிவிடுங்கள். பிற்பாடு பெரிய சண்டைகள் இந்த ஒரு வரி இல்லாததால்தான் வருகின்றன.

ஜி.எஸ்.டி.யில் டாக்டர் முறைப்பதில் நியாயம் இருக்கிறது. நம் சேவைக்கு 18 சதவீதம். வியாபாரிகள் தாங்கள் வாங்கும் பல சேவைகளுக்குக் கொடுத்த வரியைத் தாங்கள் கட்டும் வரியில் கழித்துக்கொள்வார்கள். மருத்துவ சேவைக்குப் பெரும்பாலும் ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால் மருத்துவமனையால் கழிக்க முடியாது, அவ்வளவும் அவருக்குச் செலவு. எனவே முதல் நாளே வரியோடு சேர்த்துத் தொகையைச் சொல்லுங்கள். டி.டி.எஸ். (வருமான வரிக்கான முன்பிடித்தம்) 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் பணம் வரும் என்பதையும் உங்கள் மாதக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

"முதல் மீட்டிங்ல டாக்டர்கிட்ட என்னென்ன கேட்கணும்?"

எத்தனை கட்டில் என்று கேட்டால் உடனே ஒரு எண் வரும். அது பெரும்பாலும் ஆசை. அதைக் கடைசியில் கேளுங்கள். என்ன அறுவை சிகிச்சை, மாதம் எத்தனை பிரசவம், டயாலிசிஸ் உண்டா, லேப் சொந்தமா வெளியிலா, வெளி ஊர் கன்சல்டன்ட் எந்தெந்தக் கிழமை வருவார், இரவு ஷிஃப்டில் எத்தனை நர்ஸ்? கடைசிக் கேள்விக்கு இரண்டு பேர் என்று பதில் வந்தால், இரண்டு மாடியில் வார்டு போடுவதில் அர்த்தமே இல்லை. ஒருவர் சாப்பிடப் போனால் ஒரு மாடியே ஆளில்லாமல் கிடக்கும்.

மருந்துக் கடை எங்கே என்பதையும் நீங்களே கேளுங்கள். சிறிய மருத்துவமனைகளின் வருமானத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அதைச் சொல்ல டாக்டர்கள் கூச்சப்படுவார்கள். ஓ.பி.க்கும் (வெளிநோயாளிகள் பகுதி) வாசலுக்கும் நடுவில் அது அமைய வேண்டும், வெளியாட்களும் வாங்க ரோட்டுப் பக்கம் ஒரு கவுன்டர் வேண்டும். தரைத்தளத்தின் பாதி இதிலேயே முடிவாகிவிடும்.

பிறகு மனை. அறைகளுக்கு முன் நான் வரைவது ஆம்புலன்ஸ் வரும் வழி, டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர், ஆக்சிஜன் மேனிஃபோல்டு (சிலிண்டர்களைக் குழாயோடு இணைக்கும் இடம்), கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, மருத்துவக் கழிவு அறை ஆகியவற்றின் இடங்களை. கூடவே பிள்ளையார் கோயில் எங்கே என்றும் கேட்டுவிடுவேன். திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது முன்பக்கக் காலி இடத்தில் பிள்ளையார் எழுந்தருளி, தீயணைப்பு வண்டி திரும்ப வேண்டிய இடம் அடைபட்டதைப் பல ஊர்களில் பார்க்கலாம். முதலிலேயே ஒரு மூலை ஒதுக்கினால் அவருக்கும் நிம்மதி.

"அப்பா கட்டின வீடு இருக்கு. லேசா மாத்தி இருபது பெட் போட்டுக்கலாமா?"

ஓ.பி. கிளினிக் என்றால் சரி. படுக்கையும் ஓ.டி.யும் என்றால் டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டின் தள உயரம் பத்தடி இருக்கும். ஓ.டி.க்குப் பொய்க்கூரையே பத்தடியில் வர வேண்டும், அதற்கு மேல் டக்டுக்கும் (ஏசி காற்றுப் பாதை) ஃபில்டருக்கும் மூன்று நாலு அடி. வீட்டுப் படிக்கட்டின் அகலம் மூன்றரை அடி. விதி கேட்பது 2 மீட்டர். கட்டிலோடு நோயாளியைத் தள்ளிப்போக நாலடிக் கதவு வேண்டும், வீட்டில் இருப்பது மூன்றடி. தளத்தின் தாங்கு திறனும் அப்படித்தான்: வார்டுக்கு வீட்டுக் கணக்கு போதும், ஆனால் எக்ஸ்ரே அறைக்கும் ஓ.டி.க்கும் இந்தியத் தர நிர்ணயம் ஒன்றரை மடங்கு கேட்கிறது.

இதையெல்லாம் மாற்றும் செலவு பல நேரங்களில் இடித்துக் கட்டும் செலவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். 1976இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை 11 கட்டிலோடு ஒரு வாடகை வீட்டில்தான் தொடங்கியது என்று டாக்டர்கள் என்னிடம் சொல்வதுண்டு. உண்மைதான். இன்றைய விதிகள் அன்று இல்லை என்பதும் உண்மை.

"எந்தெந்த ஆபீஸ்ல அனுமதி வாங்கணும்? ஒரு லிஸ்ட் கொடுங்களேன்."

பட்டியலைவிட வரிசை முக்கியம். முதலில் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி திட்ட அனுமதி. 18.30 மீட்டருக்குள் உயரத்தை நிறுத்தினால் உயர்மாடிக் கட்டடம் என்ற கணக்கில் வராது. சிறிய மருத்துவமனை அதைத் தாண்ட ஆசைப்படக் கூடாது என்பது என் கருத்து. கூடவே தீயணைப்புத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கட்டி முடிந்ததும் முடிப்புச் சான்று. அதன் பிறகு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி மாவட்ட இணை இயக்குநர் அலுவலகத்தில் பதிவு. இந்தச் சட்டம் தமிழ்நாட்டில் 1997இலேயே வந்துவிட்டது, அதற்கான விதிகள் 2018இல்தான் வந்தன.

எக்ஸ்ரே, சி.டி.க்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இருந்தால் 1994ஆம் ஆண்டுப் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி தனிப் பதிவு. அது குறிப்பிட்ட இடத்தின் பெயரில் தரப்படுகிறது. வசதிக்காக மெஷினை வேறு இடத்துக்கு நகர்த்துவதை டிசைன் விஷயமாக நினைக்காதீர்கள், முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும். மருத்துவக் கழிவுக்கு 2016 விதிகள்: மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரிப்பதோடு, சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆகவே கழிவு அறை பெரிதாக இருக்கத் தேவையில்லை. வண்டி வந்து எடுக்கும்படி, நோயாளிகள் வழிக்குக் குறுக்கே வராமல் இருந்தால் போதும்.

"எக்ஸ்ரே ரூமுக்கு ஈயத் தகடு அடிச்ச கதவு போட்டா போதும்ல?"

கதவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், சுவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சாதாரண எக்ஸ்ரே அறைக்கு 23 சென்டிமீட்டர் செங்கல் சுவர் வேண்டும், கதிர் நேராக விழும் செஸ்ட் ஸ்டாண்டு (நெஞ்சுப் படம் எடுக்க நோயாளி நிற்கும் இடம்) பக்கச் சுவர் 35 சென்டிமீட்டர். இப்போது ஏ.ஏ.சி. பிளாக் (உள்ளே காற்றுத் துளைகள் உள்ள லேசான கான்கிரீட் கல்) எல்லா இடத்திலும் வந்துவிட்டது. அதே ஒன்பது அங்குலம், ஆனால் எடை செங்கல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கதிரைத் தடுப்பது எடைதான், தடிமன் அல்ல. வரைபடத்தில் '9 அங்குலச் சுவர்' என்று மட்டும் எழுதினால் மேஸ்திரி கையில் இருக்கும் பிளாக்கை வைத்துவிடுவார். 'செங்கல்' என்று பெரிதாக எழுதுங்கள். கட்டும் நாளில் சைட்டில் இருங்கள்.

செஸ்ட் ஸ்டாண்டு கதவையோ மெஷின் இயக்குபவர் நிற்கும் இடத்தையோ பார்த்து இருக்கக் கூடாது. ஜன்னல் வைத்தால், வெளியே ஆள் நிற்கும் தரையிலிருந்து 2 மீட்டருக்கு மேல்.

"ஓ.டி.ல நல்ல கம்பெனி ஸ்பிளிட் ஏசி ரெண்டு போட்டா என்ன? இத்தனை வருஷமா அப்படித்தான் ஆபரேஷன் பண்றேன்."

இப்படிக் கேட்பவர் எப்போதும் சீனியர் சர்ஜன். ஸ்பிளிட் ஏசி அறைக் காற்றையே சுற்றிச் சுற்றி விடுகிறது, வெளிக் காற்று உள்ளே வராது. என்.ஏ.பி.எச். (மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் தேசிய வாரியம்) வழிகாட்டுதல்படி ஓ.டி.யில் மணிக்கு 20 முறை காற்று மாற வேண்டும், அதில் 4 முறையாவது வெளியிலிருந்து வரும் புதுக் காற்றாக இருக்க வேண்டும். பக்கத்து அறையைவிடக் காற்றழுத்தம் குறைந்தது 2.5 பாஸ்கல் கூடுதலாக இருந்தால்தான் கதவு திறக்கும்போது காற்று வெளியே போகும், அழுக்குக் காற்று உள்ளே வராது. ஸ்பிளிட் ஏசியால் இதில் எதுவும் முடியாது. உள்யூனிட்டில் தண்ணீர் தேங்கிப் பூஞ்சை வளர்வது வேறு.

இதனால்தான் ஏசி நிபுணரைப் பற்றி அவ்வளவு அழுத்திச் சொன்னேன். ஓட்டல், கல்யாண மண்டபம் செய்தவர் குளிர்ச்சியைக் கணக்கிடுவார். இங்கே முதலில் வேண்டியது காற்றோட்டக் கணக்கு.

"வாஸ்து பார்ப்பீங்களா?"

பார்ப்பேன். ஸ்கெட்ச் நிலையில் ஒரு தடவை, எழுத்தில். வாஸ்து நிபுணர் பேசி முடித்ததும் டாக்டர் கையெழுத்துப் போடுவார், அதோடு சரி. கட்டில் தலைமாடு வடக்கே இருக்கக் கூடாது என்பது எனக்கும் பிரச்சினை இல்லை, நோயாளிகளே அதைக் கேட்பார்கள். ஈசானிய மூலையில் இருந்து ஜெனரேட்டரை நகர்த்துவதும் சரி. அவசர வழியை மூடச் சொன்னால் மட்டும் முடியாது என்பேன்.

"லிஃப்ட் இருக்கே, ராம்ப் வேற எதுக்கு? இடம் போகுதே."

இடம் போவது உண்மை. பன்னிரண்டடித் தளம் ஏற, 1:12 சரிவில் 43 மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும், திரும்பும் மேடைகள் தனி. நாலு கிரவுண்டு மனையில் இது பெரிய விஷயம். ஆனால் தீப்பிடித்தால் லிஃப்டை நம்ப முடியாது. 2024 டிசம்பரில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனைத் தீ விபத்தில் லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களைத்தான் தூக்கி வந்தார்கள். கட்டிலில் கிடப்பவரைப் படியில் இறக்க நாலு பேர் வேண்டும். இரவு ஷிஃப்டில் இருப்பது இரண்டு நர்ஸ்.

ராம்ப் வைக்கவே முடியாத மனையில், ஐ.சி.யூ.வையும் ஓ.டி.யையும் முதல் மாடிக்கு மேலே கொண்டுபோகாதீர்கள். ஒவ்வொரு தளத்தையும் புகை தாண்டாத சுவரால் இரண்டாகப் பிரியுங்கள். இறக்குவதற்கு முன் பக்கவாட்டில் நகர்த்த ஓர் இடம் இருக்கும். லிஃப்ட் எப்படியும் வேண்டும். கட்டில் போகும் லிஃப்டின் உள் ஆழம் 2.4 மீட்டர், அதைக் குறைக்க ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பேஸ்மென்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2011இல் கொல்கத்தா மருத்துவமனை ஒன்றில், அடித்தளத்தில் குவித்திருந்த பொருள்களில் பிடித்த தீயின் புகை மேலே ஏறித்தான் தொண்ணூறு பேர் அளவில் இறந்தார்கள். பார்க்கிங் என்று அனுமதி வாங்கிய இடம் ஸ்டோர் ரூம் ஆவது எல்லா ஊரிலும் நடக்கிறது. காரணம், வரைபடத்தில் ஸ்டோர் ரூம் போதுமான அளவு இருக்காது. பழைய பதிவேடு, மெத்தை, பழுதான கட்டில் எல்லாம் எங்கே போகும்? அதற்கு இடம் கொடுப்பது நம் வேலை.

"என்.ஏ.பி.எச். எல்லாம் ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாம்கிறார். சரிதானா?"

சான்றிதழை இரண்டு வருடம் கழித்து வாங்கலாம். ஐம்பது கட்டில் வரை உள்ளவர்களுக்குத் தனித் தரநிலையே இருக்கிறது. சுவரை இரண்டு வருடம் கழித்து மாற்ற முடியாது. கை கழுவும் தொட்டிகள், சுத்தமான பொருளும் அழுக்குப் பொருளும் சந்திக்காத வழி, ஓ.டி. காற்றோட்டம், வீல்சேர் போகும் கழிப்பறை: இவற்றை இப்போதே கட்டிவிடுங்கள். மற்றதெல்லாம் பதிவேடும் பயிற்சியும்தான், அது அவர்கள் பாடு.

"டைல்ஸ் கடைக்காரர், ஓ.டி. பேனல் கம்பெனி எல்லாம் எனக்கு ஒரு பர்சன்டேஜ் தர்றேங்கிறாங்க. எல்லாரும் வாங்குறாங்களாமே?"

வாங்காதீர்கள். முன்பு சொன்ன 1989 விதிகள் இதையும் தடுக்கின்றன. அதைவிட நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு: டாக்டர்களுக்குக் கமிஷன் எப்படி ஓடும் என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். வாங்கியது அவர் காதுக்குப் போன நாளிலிருந்து 'செங்கல்தான் வேண்டும்' என்று நீங்கள் சொன்னாலும், செங்கல் சூளைக்காரர் எவ்வளவு தந்தார் என்றுதான் யோசிப்பார். அந்தத் தொகையைத் தள்ளுபடியாக டாக்டர் பில்லில் கழிக்கச் சொல்லிவிடுங்கள்.

"வேலை முக்கால்வாசி முடிஞ்சிடுச்சு, ஃபீஸ் பாதிகூட வரலை. என்ன பண்றது?"

மருத்துவமனை வேலையில் பணம் வற்றும் காலம் ஒன்று உண்டு. கட்டடம் பூச்சு நிலைக்கு வரும்போது மெஷின்களுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டியிருக்கும். டாக்டர் கையில் இருப்பது, வங்கி கொடுத்தது எல்லாம் அங்கே போய்விடும். ஏமாற்றும் எண்ணம் இல்லாதவரும் அப்போது நமக்குத் தர மாட்டார். எனவே கடைசித் தளம் கான்கிரீட் போடுவதற்குள் கட்டணத்தில் முக்கால் பங்காவது வந்துவிடும்படி தவணைகளைப் போடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், அடுத்த கட்ட வரைபடத்தைத் தராமல் நிறுத்தலாம், அது ஒப்பந்தத்தில் இருந்தால். தீயணைப்பு, கதிரியக்கம் சம்பந்தப்பட்ட தாள்களை மட்டும் பணயமாக வைக்காதீர்கள். அவர் அவை இல்லாமலே திறந்துவிடுவார், ஆபத்து நோயாளிக்கு.

"ஓடிக்கிட்டிருக்கிற ஆஸ்பத்திரிக்கு மேல இன்னொரு மாடி. நோயாளிகளை வெளிய அனுப்பாம கட்ட முடியுமா?"

முடியும். ஆனால் இது தனி வேலை, புதுக் கட்டடத்தின் கட்டணத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள். அஸ்திவாரம் தாங்குமா என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுத்தில் சொன்ன பிறகுதான் மற்றது.

எனக்கு இங்கே பெரிய பயம் தூசி. பழைய பூச்சை உடைக்கும்போது அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் காற்றில் கிளம்பும். நமக்கு ஒன்றும் ஆகாது. கீமோ எடுப்பவருக்கு, எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். தார்ப்பாய் கட்டினால் நிற்காது. தரையிலிருந்து கூரை வரை இடைவெளி இல்லாத தடுப்பு, வேலை நடக்கும் பக்கத்துக் காற்றை நேரே வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட், ஆட்களுக்கும் சிமென்ட்டுக்கும் வெளியிலிருந்தே தனிப் படி. உடைக்கும் நாள்களில் ஓ.டி.யின் புதுக் காற்று உள்வாங்கும் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மாடியில் ஏறிப் பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் உடைக்கப்போகும் அதே மொட்டை மாடியில்தான் இருக்கும்.

பழைய ஆக்சிஜன் பைப், தண்ணீர், மின்சாரம் எங்கே ஓடுகிறது என்று வரைபடம் இருக்காது. பல வருடமாக அங்கேயே இருக்கும் எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு நடந்து, நீங்களே வரைந்துகொள்ளுங்கள். ஆக்சிஜன் லைனில் கை வைக்கும் நேரத்தை மயக்க மருந்து டாக்டரும் ஐ.சி.யூ. நர்ஸும் சேர்ந்து குறிக்க வேண்டும், கான்ட்ராக்டர் அல்ல. அந்த நேரத்துக்குத் தேவையான சிலிண்டர்கள் ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் வந்து நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே வால்வைத் திருகச் சொல்லுங்கள்.